அறுபதில் மட்டும் உறுமும் காடி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், காடி (கார்) மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டதும் காலடியில் ஓர் உறுமல் எழும்புகிறது. 50இல் அது இல்லை. 75இல் தேய்ந்துபோகிறது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறிக்கொண்டால் 60இலும் காணோம். காடி, தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவர் வாங்கிய மோரிஸ் மைனர், 1098 சிசி இஞ்சின் போட்டது. இப்போது அவருடைய மகன் கையில் இருக்கிறது. துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, இஞ்சினை இறக்கி ஏற்றி, பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளை ஒரு கடையில் கொடுத்து மறுபடி வளைத்து, முழுசாக மீட்டெடுத்திருக்கிறார் அந்த அண்ணன். அத்தனை உழைப்புக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது இந்தச் சத்தம்.

ஓட்டுகிறவர் இடதுகாலுக்குக் கீழே என்பார். பக்கத்தில் இருப்பவர் பின்சக்கரத்துப் பக்கம் என்பார். இருவர் காதிலும் கோளாறு இல்லை. ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை கணிக்கிறது. அந்த நேர வித்தியாசம் அதிகம் போனால் ஒரு விநாடியில் 1,500இல் ஒரு பங்கு. கீச்சென்ற சத்தத்துக்கு அளவு வித்தியாசமே கைகொடுக்கும். தாழ்ந்த உறுமலிலோ அளவு வித்தியாசம் ஏறக்குறைய இல்லை, நேர வித்தியாசமும் அதன் நீண்ட அலைக்கு முன் மிகச் சிறியது. விநாடிக்கு 78 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 4.4 மீட்டர், மைனரின் மொத்த நீளமே 3.76 மீட்டர்தான். காடியைவிட நீளமான அலை உள்ளே நிறைந்து நிற்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே போலத்தான் கேட்கும். போதாததற்கு, அதிர்வு எஃகு வழியாக விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, எந்தத் தகடு அதிரத் தோதாக இருக்கிறதோ அங்கே போய்ச் சத்தமாக வெளிப்படுகிறது. சத்தம் கேட்கிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு.

அதனால் எங்கே என்று தேடிக் குனிவதை விட்டுவிட்டு, எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று கேட்க வேண்டும். காடியில் ஒவ்வொரு உறுப்பும் தனக்கென்று ஒரு வேகத்தில் சுற்றுகிறது. மைனரின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 9 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் விகிதம் இந்த மாடலில் 4.22, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதை ஓட்டும் ஷாஃப்ட் 4.22 முறை சுற்றும். ஆக, கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் நீண்ட ஷாஃப்ட் விநாடிக்கு ஏறத்தாழ 39 சுற்று. கைப்பேசியில் ஒலியைப் பிரித்துக் காட்டும் செயலியை ஓடவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அதன் வரைபடத்தில் மேடு விநாடிக்கு 78 அதிர்வை ஒட்டி எழுந்தது, 39இன் இருமடங்கு. சக்கரம் சமநிலை தவறியிருந்தால் 9இல் நடுங்கியிருக்கும், ஷாஃப்ட் சமநிலை தவறியிருந்தால் 39இல். இந்த இரண்டும் அதோடு கழிந்தன.

இங்கேதான் ஏமாந்துபோக ஒரு கண்ணி இருக்கிறது. நாலு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. நாலாவது கியரில் மைனரின் இஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதுவும் விநாடிக்கு 78தான். புகைக்குழாய் எங்காவது காடியின் தரைத் தகட்டில் உரசி நின்றால் வருகிற உறுமலும் இதே சுருதியில் இருக்கும். முதலில் பார்த்த பட்டறையில் இதனால்தான் புகைக்குழாயின் ரப்பர்களைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டையும் பிரிக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். அதே 60இல் மூன்றாவது கியருக்கு மாற்றினால் இஞ்சின் 1.41 மடங்கு வேகமாகச் சுற்றும், அதன் சுருதி 110 வரை ஏறும். ஷாஃப்ட் மட்டும் சக்கரத்தோடு கட்டுப்பட்டது, அசையாது. லிந்தாங் சாலையில் முன்னும் பின்னும் லோரி இல்லாத நேரமாகப் பார்த்து இதைச் செய்தபோது இஞ்சின் குரல் ஏறியது, காலடி உறுமல் இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு கியரை நடுநிலைக்குத் தள்ளி உருளவிட்டோம். இஞ்சின் அடங்கியும் உறுமல் போகவில்லை, சற்றே மெலிந்தது, அவ்வளவுதான். புகைக்குழாய் குற்றவாளி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். (சாலையில் ஆள் நடமாட்டம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். இஞ்சினை அணைக்கவும் கூடாது.)

ஷாஃப்ட் சுற்றுக்கு இருமுறை அதிர ஒரே காரணம்தான் பெரும்பாலும் இருக்க முடியும்: அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட். கூட்டல் குறி போன்ற ஓர் இரும்புத் துண்டை இரண்டு கவைகள் எதிரெதிராகப் பிடித்திருக்கும் மூட்டு இது. பின் அச்சு குண்டு குழியில் ஏறி இறங்கும்போதும் சுழற்சி அறுந்துபோகாமல் வளைந்து கொடுக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் ஆராய்ந்த மூட்டு. வளைந்த நிலையில் இதற்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். 5 பாகை வளைவில் இந்த முந்தலும் பிந்தலும் தலா 0.4 விழுக்காட்டுக்கும் குறைவு. 10 பாகையில் 1.5 விழுக்காடு. கோணம் இருமடங்கானால் குலுக்கல் நான்கு மடங்கு.

இரண்டு மூட்டு வைத்திருப்பதன் சூட்சுமம், முதல் மூட்டு செய்த கோணலை இரண்டாவது மூட்டு நேர்செய்துவிடும் என்பது. ஆனால் அதற்கு இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் வால் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் டிஃபரன்ஷியலின் மூக்கும், அதாவது ஷாஃப்ட் வந்து பூட்டும் முன்முனையும், இருந்தால்தான் கணக்கு நேராகும். மூக்கு இரண்டு மூன்று பாகை தூக்கிக்கொண்டால் மிச்சம் விழும் குலுக்கல் நேரே பின் அச்சுக்கும், அங்கிருந்து ஸ்பிரிங் வழியாகத் தரைத் தகட்டுக்கும் போகும்.

பின்சீட்டில் ஆள் ஏறினால் ஏன் அடங்கியது என்பதும் இப்போது விளங்கும். மைனரின் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்கின் முதுகில் பூட்டப்பட்டது. மறுபடி வளைத்த கடையில் முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே அளவில் வளைக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்பிரிங் சாய்ந்தது, அதோடு அச்சும் சாய்ந்தது, மூக்கும் தூக்கியது. மூன்று பேர் பாரம் விழுந்ததும் பட்டை தாழ்ந்து, கோணம் சரியான இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் பட்டறையில் ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? அங்கே காடியை உடலைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கியதும் பின் அச்சு தொங்கிவிடும், கோணங்கள் எல்லாம் மாறிவிடும். ஓடும்போது உள்ள நிலையை அந்தத் தூக்கியில் பார்க்கவே முடியாது. தோட்டத்து லோரி பட்டறையில் பழைய குழி ஒன்று இன்னும் இருக்கிறது. காடியைச் சக்கரத்தின் மேலேயே நிறுத்தி, அண்ணன் குழிக்குள் இறங்கி, துடைத்த இரும்பின் மேல் மட்டக்கருவியை வைத்தார். கியர்பாக்ஸின் வால் பின்பக்கம் 3 பாகை தாழ்ந்திருந்தது. அதற்கு இணையாக, முன்னோக்கி நிற்கும் மூக்கும் 3 பாகை நிமிர்ந்திருக்க வேண்டும். 5.5 பாகை நிமிர்ந்திருந்தது. மேலே நின்றிருந்த ஃபோர்மேன், "பின்னால ரெண்டு மூட்டை அரிசி போடு தம்பி" என்று சொல்லி, போட்டதும் மறுபடி அளக்கச் சொன்னார். 4க்கு இறங்கியது.

ஸ்பிரிங்கை மறுபடி கடைக்குக் கொண்டுபோவதே முறையான வழி. அண்ணன் இப்போதைக்கு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வான இரும்பு ஆப்பு வைத்திருக்கிறார். அலுமினியத்தில் வேண்டாம் என்று ஃபோர்மேன் கண்டிப்பாகச் சொன்னார், நசுங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். ஆப்பு படியப் படிய அவை தளரும்.

60இல் இன்னும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு பாக்கி இருக்கிறது. அதற்குக் காரணம் தரையே. பழைய தகட்டோடு அதில் ஒட்டியிருந்த தார்ப் பட்டைகளும் போய்விட்டன. புதுத் தகடு வெறும் தகடாகக் கிடக்கிறது, அதன் இயல்பான அதிர்வெண் 78க்குப் பக்கத்தில் விழுகிறது. அதனால்தான் உறுமல் 60ஐச் சுற்றி மட்டும் தலைகாட்டியது. தார்ப் பட்டை அதிர்வின் ஆற்றலைச் சிறிது வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும். தரை முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தகடு அதிகம் அசைவது நடுவில்தான், அங்கே ஒட்டினால் போதும். ஓரங்களில் ஈரம் தங்கி மறுபடி துரு பிடிக்காமல் இருக்கவும் அதுவே நல்லது.