புரூஃப் – மெய்ப்பு

மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்களுக்கு 'புரூஃப்' புதிய சொல்லில்லை. பெயரும் முகூர்த்த நேரமும் சரியா என்று பார்க்க, அச்சகத்தார் முதலில் எடுத்துத் தரும் ஒற்றைப் படி அது. சிவகாசி அச்சகங்களிலும் இதே பேச்சுதான். பழைய ரூபாய் நோட்டு, டாலர் நோட்டு சேர்ப்பவர்கள் சொல்லும் புரூஃபும் அடிப்படையில் இதுவே: உலோகத் தகட்டில் செதுக்கிய உருவம் நினைத்தபடி வந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த சோதனைப் படி. அச்சு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த படியை 'ஆர்க்கைவல் புரூஃப்' என்பார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மூலம், 'சோதித்துப் பார்' என்ற பொருள் தரும் லத்தீன் 'புரோபாரே'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு 'சான்று' என்ற பொருளும் இருப்பதால், தமிழில் 'காப்பகச் சான்று' என்று எழுதத் தோன்றும். அது பொருந்தாது. அந்தத் தாள் எதற்கும் சான்று சொல்ல வந்ததில்லை. 'மெய்ப்புத் திருத்துநர்' என்று நூல் பதிப்பில் நிலைத்துவிட்ட சொல் நம்மிடம் இருக்கிறது; 'மெய்ப்பித்தல்' அதற்கு உறவு. ஆகவே 'காப்பக மெய்ப்பு' என்பதே சரி.

மெய்ப்பு எடுப்பது எப்படி? செதுக்கிய கோடுகளின் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, தாளை வைத்துப் பெரும் அழுத்தம் கொடுப்பார்கள். பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். மெய்ப்புக்கு மிக மெல்லிய தாளை எடுத்து, பிறகு அட்டையில் ஒட்டுவது வழக்கம். முன்பக்கத்துக்கு ஒரு படி, பின்பக்கத்துக்கு ஒரு படி. சில மெய்ப்புகளில் முழு நோட்டு இருக்காது, தலையுருவம் மட்டும் இருக்கும். தகடு தேயாத நேரத்தில் எடுத்தது, மடிப்பும் அழுக்கும் படாதது. முடியிழை போன்ற கோடுகூடத் தெளிவாக நிற்கும். செதுக்கியவரின் கைத்திறனை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் புழக்கத்து நோட்டை விட இதுதான் உகந்தது என்பேன்.

இவற்றை அச்சு நிறுவனங்கள் தங்கள் பதிவுக்காகக் காப்பகத்தில் பாதுகாத்தன. 1858-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவான அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் காப்பகம் 1990-ல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது, ஏராளமான மெய்ப்புகள் சேகரிப்போர் கைக்குப் போயின.

'ஸ்பெசிமன்' வேறு. அது முடிந்த நோட்டின் மாதிரி. வங்கிகள் அடையாளம் கண்டுகொள்வதற்காக அவற்றுக்கு அனுப்பியது. பெரும்பாலும் வரிசை எண் சுழியங்களாக இருக்கும். அதை 'மாதிரி நோட்டு' என்றாலே போதும். நாணயத்தில் 'புரூஃப்' என்பது சேகரிப்போருக்கென்று கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடிப்பது. அதற்கு 'மெய்ப்பு' ஒத்துவராது.