12 எழுதினால் 7 கழிவது ஏன்?

மதுரையிலிருந்து சுங்குடிச் சேலைகளை இணையச் சந்தை ஒன்றில் விற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு கிளிக்குக்கு 12 ரூபாய் தருவதாக விளம்பரக் கணக்கில் எழுதினேன், 7 ரூபாய்ச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது. தருகிறேன் என்பவனிடம் குறைத்து வாங்கும் வியாபாரியும் உண்டா? இனி 8 என்றே எழுதிவிடலாமா?”

ஒருவர் ‘சுங்குடி’ என்று தேடும் ஒவ்வொரு முறையும், பக்கம் திறப்பதற்குள், அதன் மேலே உள்ள விளம்பர இடத்துக்காக ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. விளைபொருள்களை விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் மறைமுக ஏலத்தில், அதாவது ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாத ஏலத்தில், அதிக விலை எழுதியவர் தாம் எழுதியதையே கொடுக்கிறார். அதனால் பிறர் என்ன எழுதுவார்கள் என்று ஊகித்து, உண்மை மதிப்பைவிடக் குறைத்து எழுதுவதே அங்கே சாமர்த்தியம். இணைய ஏலத்தில் வென்றவர் கொடுப்பது, தமக்கு அடுத்த இடத்தில் நிற்பவரின் தொகையை ஒட்டியது.

வாசகருக்கு 40 கிளிக்குக்கு ஒரு சேலை விற்று, அதில் 480 ரூபாய் மிஞ்சுவதாகக் கொள்வோம். ஒரு கிளிக்கின் மதிப்பு 12 ரூபாய். எதிராளி 7 எழுதியிருந்தால், வாசகர் 8 எழுதினாலும் 12 எழுதினாலும் 20 எழுதினாலும் கொடுக்க வேண்டியது அதே 7தான். குறைத்து எழுதியதால் ஒரு காசும் மிச்சமில்லை. எதிராளி 10 எழுதியிருந்தாலோ, 8 எழுதியவர் தோற்று, கிளிக்குக்கு 2 ரூபாய் ஆதாயத்தைக் கைநழுவ விடுகிறார். எதிராளி 15 எழுதியிருக்க, ஆசையில் 20 எழுதினால் வெற்றி கிடைக்கும், கூடவே கிளிக்குக்கு 3 ரூபாய் நட்டமும் கிடைக்கும். நாம் எழுதும் தொகை வெல்வோமா என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. விலையை முடிவு செய்வது எதிராளியின் தொகை. ஆகவே பிறர் மனத்தை ஆராயாமல் மெய்யான மதிப்பை எழுதுபவருக்கு இதில் ஒருபோதும் நட்டமில்லை. நேர்மையை உபதேசிக்காமல் கணக்கினாலேயே வரவழைக்கும் இந்த அமைப்பை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் நிறுவினார். 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலமானார். இணையம் பிறக்காத காலத்து ஆய்வு இது. உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஆய்வு நிதிக்குழுக்கள் இதற்கு ஒரு ரூபாயும் ஒதுக்கியிருக்காது என்பது என் துணிபு.

1998இல் தேடல் விளம்பரங்களை ஏலம் விட்ட கோடூ நிறுவனம், எழுதிய தொகையையே வசூலித்தது. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் சிறிது சிறிதாக மிஞ்சி உச்சிக்குப் போவதும், ஒருவர் சட்டென்று விலக விலை சரிவதும், மறுபடி ஏறுவதுமாக, விலை வரைபடம் ரம்பப் பல்லைப் போலிருந்தது. கூகுள் 2002இல் அடுத்தவர் தொகையைக் கொண்டு விலையைக் கணக்கிட்டதோடு, பார்ப்பவர் கிளிக் செய்யும் வாய்ப்பையும் தொகையோடு பெருக்கியது. வாசகரின் படத்தை நூறு பேரில் 4 பேர் தொடுகிறார்கள், 14 ரூபாய் எழுதிய எதிராளியின் படத்தை 2 பேரே தொடுகிறார்கள் என்றால், 12ஐ 4ஆலும் 14ஐ 2ஆலும் பெருக்க, 48க்கு 28 என்ற மதிப்பெண்ணில் வாசகர் வெல்கிறார். விலை, 28ஐ 4ஆல் வகுத்தால் வரும் 7 ரூபாயும் அதன்மேல் சில காசும். முடிச்சுப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் படம் விலையையே இறக்கிவிடுகிறது.

மேலிடம் ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் விக்ரியின் நிரூபணம் முழுமையாகப் பொருந்தும். பல இடங்கள் ஏலம் போகும்போது, சற்றுக் குறைத்து எழுதுவது சில வேளை ஆதாயம் தரும் என்று எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2007இல் காட்டினர். ஆகவே 11 எழுதிப் பார்க்கலாம், 8 வேண்டாம்.

ராகு காலத்தில் விளம்பரத்தை நிறுத்தி வைக்கலாமா என்றும் அவர் கேட்டிருக்கிறார். ஏலக் கணினிக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஆனால் போட்டியாளர்கள் அந்த நேரத்தில் விலகிக்கொண்டால் அடுத்தவர் தொகை இறங்கும் என்பதால், நிறுத்தாதவருக்கு அது மலிவான ஒன்றரை மணி நேரம்.

எனக்குள்ள ஐயம் வேறு. அடுத்தவரின் தொகையையும் கிளிக் வாய்ப்பையும் ஏலம் நடத்துபவர் மட்டுமே அறிவார். இரண்டாமிடத்தாரின் மதிப்பெண்ணை உயர்த்தினாலே முதலிடத்தாரின் விலை ஏறிவிடும். கூகுள் அத்தகைய மாற்றங்களால் விளம்பர விலையை ஏற்றியதை 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விவரிக்கிறது. வாசகர் பார்க்கும் பக்கத்தில் 7 ரூபாய்ச் சொச்சம் என்ற முடிவு மட்டுமே இருக்கிறது. அந்த 28 எங்கிருந்து வந்தது என்பது அவருக்குக் காட்டப்படுவதில்லை.