ஒரு சொல் குறைந்தால் மறதியா?

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா முன்ன மாதிரி இல்லை" என்று வீட்டார் சொல்வார்கள். மெய்தானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 15 சொற்களை வாசித்துக் காட்டி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஒருமுறை, 3 மாதம் கழித்து மறுமுறை.

முன்பு 9 சொற்கள் சொன்னவர் இப்போது 8 சொல்கிறார். ஒன்றுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா?

அவசரப்படக் கூடாது. ஒரே தேர்வை இரண்டாம் தடவை எழுதினால் யாருக்குமே மதிப்பெண் கொஞ்சம் ஏறும். அதனால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத, அதே வயதுக்காரர்களையும் அதே இடைவெளியில் சோதிக்கிறார்கள். அவர்களுக்குச் சராசரியாக 2 சொற்கள் கூடுகின்றன என்று வையுங்கள். அப்படியானால் நம்மவர் 11 சொல்லியிருக்க வேண்டும், 3 குறைகிறது. இந்த 3 பெரிதா, சிறிதா? ஒப்பீட்டுக் குழுவிலும் மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேறுபாடு வழக்கமாக எவ்வளவு என்பதைச் சொல்லும் அளவான திட்டவிலக்கம் 1.5 என்றால், 3-ஐ 1.5-ஆல் வகுக்க 2 வரும். இதுதான் இசட் மதிப்பெண். இப்படிப் பல சோதனைகள் வைத்து, இரண்டிலாவது சரிவு 1.96-ஐத் தாண்டினாலோ, எல்லாம் சேர்ந்த கூட்டு மதிப்பெண் தாண்டினாலோதான் பாதிப்பு என்பார்கள்.

1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு இவ்வழியில்தான் கணக்கிட்டது. 60 வயதைக் கடந்த 1,218 நோயாளிகள். இதயம் சாராத பெரிய அறுவை சிகிச்சைகள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம், 3 மாதத்தில் 9.9 சதவீதம் பேரிடம் பாதிப்பு. கத்தியே படாத ஒப்பீட்டுக் குழுவிலும் 3.4, 2.8 சதவீதம் பேர் 'பாதிக்கப்பட்டவர்' ஆனார்கள். எனக்கு இந்தச் சின்ன எண்கள்தான் சுவாரசியம்: தற்செயலாக எத்தனை பேர் சிக்குவார்கள் என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

அளவுகோலைத் தளர்த்தினால் கூத்துதான். 10 சோதனைகளில் ஏதேனும் இரண்டில் ஒரு திட்டவிலக்கம் இறங்கினாலே பாதிப்பு என்று வைத்தால், சோதனைகள் ஒன்றையொன்று சாராதபோது, நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் மாட்டுவார்கள்!

2001-இல் வெளியான இதய பைபாஸ் ஆய்வு 5 ஆண்டுகளுக்குப் பின் 42 சதவீதம் பேரிடம் பாதிப்பு என்றது. பெரும் பரபரப்பு. அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. பிறகு, பைபாஸ் செய்யாத இதய நோயாளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சரிந்திருந்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மறுசோதனைக்கு வராதவர்களுக்கு இசட் மதிப்பெண்ணே போட முடியாது. பெரும்பாலும் ரொம்ப முடியாமல் போனவர்கள்தான் வராமல் இருப்பார்கள்.