ஸ்பிளிண்ட்: சிம்பா, கடிதகடா?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், காலையில் தாடை இறுகிக் கன்னப்பொறி வலியோடு எழுபவர்களுக்கும் பல் மருத்துவர் ஒரு தகடு செய்து தருவதுண்டு. அக்ரிலிக்கில் வார்த்தது, மேல்வரிசைப் பற்களையோ கீழ்வரிசையையோ மூடி உட்காரும். நோயாளிகள் பேச்சில் அது 'நைட் கார்டு'. மருத்துவர் எழுத்தில் 'அக்லூசல் ஸ்பிளிண்ட்'. ஸ்பிளிண்ட்டுக்குத் தமிழில் என்ன என்று அகராதியைப் புரட்டினால் 'சிம்பு' கிடைக்கும். சிம்பு அருமையான பழைய சொல். ஆனால் இந்தத் தகட்டுக்கு அதை வைத்தால், தகடு செய்கிற வேலைக்கு நேர் எதிரான ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

ஸ்பிளிண்ட் என்ற சொல் இடைக்கால டச்சு, கீழ்ஜெர்மன் மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. பிளத்தலைக் குறிக்கும் ஸ்பிளிட், சிராயைக் குறிக்கும் ஸ்பிளிண்டர் இரண்டும் அதன் உறவுகள். ஆங்கிலத்தில் முதலில் அது போர்க்கவசத்தில் அடுக்கிய உலோகப் பட்டையைக் குறித்தது. பிறகு பிளந்த மெல்லிய மரப்பட்டை ஆனது. அந்தப் பட்டையை முறிந்த கைகாலில் வைத்துக் கட்டியதால் மருத்துவச் சொல்லும் ஆனது. தமிழ்ச் சொற்களும் இதே வழியில்தான் வந்திருக்கின்றன. சிம்பு என்றால் சிறு குச்சி, சிராய். முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டுவதும் சிம்பு. தப்பை என்றால் மூங்கில் பிளாச்சு. புத்தூர் கட்டுக் கட்டிக்கொண்டவர்கள் கையில் பார்த்திருப்பீர்களே, அந்த மூங்கில் பட்டைகள்தான். இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: உடைந்ததை அசையவிடாமல் பிடித்து வைப்பது.

வாய்க்குள் இந்தச் சொல் நுழைந்தபோதும் பொருள் அதுவேதான். 1865 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்டு குதிரைவண்டி விபத்தில் தாடை முறிந்து படுத்தார். சில நாளில், லிங்கன் சுடப்பட்ட அதே இரவில், படுக்கையிலேயே கத்திக்குத்தும் பட்டார். நியூயார்க் பல் மருத்துவர் தாமஸ் கன்னிங் அவருக்குக் கெட்டி ரப்பரில் ஸ்பிளிண்ட் செய்து பொருத்தினார். எலும்பு கூடும்வரை தாடையை அசையாமல் வைக்கும் கருவி. அதைச் சிம்பு என்று சொல்வதில் தவறே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் மோரிட்ஸ் கரோலி போன்றவர்கள், எலும்பு முறியாதவர்களுக்கும், அதாவது பல்லைக் கடிப்பவர்களுக்கும், கெட்டி ரப்பர்க் கருவிகளைச் செய்தார்கள். ரப்பர் அதே, பெயரும் அதே, வேலை மட்டும் வேறு. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

சரி, அந்த வேலை என்ன? தாடை ஒரு நெம்புகோல். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு அதன் அச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்தால் புடைத்து எழுகிறதே, அது மாசிட்டர் தசை. கிரேக்கத்தில் 'மெல்லுவது' என்று பொருள். கன்னப்பொறியில் அசைவது டெம்பொராலிஸ். இந்தத் தசைகள் இழுப்பது மூட்டுக்கும் பற்களுக்கும் நடுவில். பாக்குவெட்டியில் பாக்கை அச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சுலபமாக நொறுங்குவதைப் போல, மூட்டுக்கு அருகிலிருக்கும் கடைவாய்ப் பல்லில்தான் விசை கூடுதலாக விழும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தசைகள் மூட்டிலிருந்து 3 செ.மீ. தொலைவில் 60 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. கடைவாய்ப் பல் 6 செ.மீ. தொலைவில், முன்பல் 9 செ.மீ. தொலைவில். கடைவாயில் கடித்தால் பல்லுக்கு 30, மீதி 30 மூட்டுக்கு. முன்பல்லில் கடித்தால் பல்லுக்கு 20தான், ஆனால் மூட்டுக்கு 40. உண்மையான தாடையில் ஒவ்வொரு தசையும் ஒவ்வொரு கோணத்தில் இழுப்பதால் எண்கள் மாறும், போக்கு மாறாது. பல் தாங்காததை மூட்டு தாங்க வேண்டும். தகடு எந்தப் பற்களை மூடுகிறது என்பது அழகுக்கான கேள்வியே இல்லை என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டிவிடுகிறது.

பகலில் நம் பற்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தாடை தளர்ந்திருக்கும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களிலிருந்து சில மில்லிமீட்டர் விலகித்தான் நிற்கும். இரவில் கடிப்பவருக்கோ இந்த ஓய்வு கெடுகிறது. பற்களின் மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால் தாடை பக்கவாட்டில் நகரும்போது சாய்வான விசை பிறக்கிறது. பல்லை எலும்போடு இணைக்கும் சவ்வு சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான். நேராக அழுத்தும் விசையை அது நன்றாகத் தாங்கும். சாய்த்துத் தள்ளும் விசையை அவ்வளவாகத் தாங்காது.

தகட்டின் மேற்புறம் வழவழவென்று சமமாக இருக்கும். எதிர்வரிசைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதைத் தொடும்படி மருத்துவர் தேய்த்துச் சரிசெய்வார். எந்தப் பல்லும் தனியாக முட்டாது, பாரம் பரவும், விசை பல்லின் நெட்டுவாக்கில் இறங்கும். மேடுபள்ளம் மறைந்துவிட்டதால் தாடை தடையில்லாமல் வழுக்கி நகரும். கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு சரிவு வைப்பார்கள். தாடை பக்கவாட்டில் போனதும் கோரைப்பல் அந்தச் சரிவில் ஏறும், கடைவாய்ப் பற்கள் விலகிவிடும். கோரைப்பல்லின் வேர் நீளமானது, மூட்டிலிருந்தும் தள்ளி இருக்கிறது. கடைவாயில் தொடுகை அற்றுப்போனால் மாசிட்டர், டெம்பொராலிஸ் தசைகளின் மின்செயல்பாடு குறைவதைத் தசை மின்பதிவு காட்டுகிறது. அசையாமல் கட்டிவைக்கும் சிம்பு எங்கே, வழுக்கி நகர வழிவிடும் இந்தத் தகடு எங்கே!

தடிமனுக்கும் பங்கு உண்டு. கடைவாயில் 2 மி.மீ. உயர்த்தினால், மேலே சொன்ன கணக்கின்படி முன்பல்லில் 3 மி.மீ. திறக்கும். தசைகள் சற்று நீண்ட நிலையில் இருக்கும். நீளம் மாறினால் தசை இழுக்கும் விதமும் மாறும்.

முன்பற்களை மட்டும் மூடும் சிறு தகடுகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. கடிக்கும் விசையை அவை குறைக்கலாம். ஆனால் எதிர்ப்பல் தொடாமல் மாதக்கணக்கில் விட்டால் கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, பிறகு முன்பற்கள் சேராமலே போகும் ஆபத்து இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இணையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாதவை அவை.

இத்தனை சொன்னாலும் தகடு பழக்கத்தை நிறுத்துவதில்லை. பலர் தகட்டின் மேலேயே கடிக்கிறார்கள். சில மாதங்களில் அதில் தேய்மானத் தடம் விழும். பல் தேய்வதற்குப் பதில் தகடு தேய்கிறது, அதுவே பெரிய லாபம். வலிக்கு மருந்தா என்றால் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்குப் பயிற்றுநர் துணையோடு செய்யும் தாடைப் பயிற்சி, நடத்தைசார் உளச்சிகிச்சை போன்றவற்றையே வலுவாகப் பரிந்துரைத்தது. கடியை, அதாவது பற்கள் சேரும் விதத்தை, மாற்றாத சாதாரணத் தகடுகளுக்கு எதிராக நிபந்தனையோடும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் வகைகளுக்கு எதிராக அழுத்தமாகவும் சொன்னது. நெம்புகோல் கணக்கு சரியாக இருப்பதும் வலி தீர்வதும் வேறுவேறு.

இனி பெயருக்கு வருவோம். அக்லூசல் என்பது மூடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது; மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து மூடுவதைக் குறிக்கிறது. ஜெர்மன்காரர்கள் இந்தத் தகட்டை 'ஆவ்ஃப்பிஸ்ஷீனே' என்கிறார்கள், மேலே கடிக்கும் பட்டை என்று பொருள். தமிழில் 'பல்லுறை' என்றால் பல்லுக்குப் போடும் கேப் என்று நினைத்துவிடுவார்கள். 'கடித்தகடு' என்று வல்லினம் மிகுத்து எழுதினால் 'கடித்த கடு' என்று கண் பிரித்துப் படிக்கும். நான் சொல்வது 'கடிதகடு'. ஊறுகாய், ஆடுகளம் போல இதுவும் வினைத்தொகை: கடித்த தகடு, கடிக்கின்ற தகடு, கடிக்கும் தகடு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் எழுத்தும் சரி. அதன் சமமான மேற்புறத்தைக் 'கடிதளம்' எனலாம். மருத்துவர் தேய்த்துச் சரிசெய்வது அதைத்தான்.

இதிலிருந்து மற்றவை எளிதாகப் பிறக்கும்: கெட்டி அக்ரிலிக்கில் செய்தது வன்கடிதகடு, நெகிழ்வான பொருளில் செய்தது மென்கடிதகடு, முன்பற்களுக்கு மட்டுமானது முன்பல் கடிதகடு. அடிபட்டு ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைப்பதையும் ஆங்கிலத்தில் ஸ்பிளிண்ட் என்றே சொல்கிறார்கள். அங்கே பிணைத்து அசையாமல் வைப்பதுதான் வேலை. அதற்குப் பற்சிம்பு என்றும், முறிந்த தாடைக்கு வைப்பதற்குத் தாடைச்சிம்பு என்றும் எழுதலாம்.