அண்டி ஆபீஸ்களை அளக்கும் கணக்கு

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்கு அருகே ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், மேற்பார்வை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆபீஸில் உடையாத முழுப் பருப்பு அதிகம். பக்கத்து ஆபீஸில் துண்டு அதிகம், ஆனால் அதே அளவு ஆட்களை வைத்து அவர்கள் எடுக்கும் மொத்தப் பருப்பு கூடுதல். இரண்டில் எது திறமையாக நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?"

கையில் சாம்பல் பூசிக்கொண்டு, வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தித் தட்டும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். அடி சற்றுப் பலமானால் பருப்பு இரண்டாகும். நிதானித்தால் முழுதாக வரும், ஆனால் பொழுது சாய்வதற்குள் உடைத்து முடிக்கும் கொட்டை குறையும்.

ஓர் இடுபொருள், ஒரு விளைபொருள் என்றால் வகுத்தால் போதும். பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் எண், கொடுத்துக் கூட்ட வேண்டும். அந்த எடையை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டை. 1957-இல் ஃபாரெல் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். அதை வளர்த்து 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட முறையே டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், அதாவது தரவு உறைப் பகுப்பாய்வு. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகள் படித்த பள்ளிகளை மதிப்பிடப் புறப்பட்ட ஆய்வு அது. தாயின் கல்வி, ஆசிரியர் எண்ணிக்கை போன்றவை இடுபொருள்கள். வாசிப்பு, கணக்கு, குழந்தையின் தன்மதிப்பு ஆகியவை விளைபொருள்கள். தன்மதிப்புக்குச் சந்தை விலை ஏது?

அவர்கள் கண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எடைகளை மேலிருந்து யாரும் விதிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும், அதற்கு எந்த எடைகள் மிகவும் சாதகமோ அவற்றையே கணக்கு தேடிக் கொடுக்கிறது. ஒரே நிபந்தனை, அதே எடைகளை மற்ற எல்லோருக்கும் போட்டுப் பார்க்கும்போது எவருக்கும் மதிப்பெண் 100 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடும், மேல்நிலை வணிகக் கணிதத்தில் வரும் நேரிய திட்டமிடல்தான் இதைச் செய்து முடிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மூன்று ஆபீஸ்கள், ஒவ்வொன்றிலும் 10 பேர், ஒரு நாள் வேலை. முதலாவதில் முழுப் பருப்பு 40 கிலோ, துண்டு 10 கிலோ. இரண்டாவதில் முழு 25, துண்டு 40. மூன்றாவதில் முழு 26, துண்டு 20. மூன்றாமவர் முதலாமவரைவிடத் துண்டிலும், இரண்டாமவரைவிட முழுப் பருப்பிலும் முந்தி நிற்பதால், தம்மை எவரும் முழுதாக வென்றுவிடவில்லை என்று அவர் வாதாடலாம். அவருக்காகவே எடைகளை மாற்றிப் பார்ப்போம். இரண்டுக்கும் ஒரே எடை என்றால் முறையே 50, 65, 46. மிக உயர்ந்த 65-ஐ 100 என்று கொண்டால் மூன்றாமவருக்குச் சுமார் 71 சதவீதம். முழுப் பருப்புக்கு நான்கு மடங்கு என்றால் 170, 140, 124, சுமார் 73. இரண்டு மடங்கு என்றால் 90, 90, 72, சரியாக 80. எந்த எடையை எடுத்தாலும் இதற்கு மேல் ஏறாது. தமக்கு மிகவும் சாதகமான அளவுகோலிலேயே அவர் 20 சதவீதம் பின்தங்கியிருக்கிறார்.

வரைபடத்தாளில் முழுப் பருப்பைக் கிடையாகவும் துண்டை நெடுக்காகவும் குறித்தால், முதல் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு வெளி எல்லையாகி, மூன்றாவதை உறைபோல உள்ளே வைத்துக்கொள்ளும். முறையின் பெயரில் உள்ள உறை இதுதான். மூன்றாவது புள்ளியை நேராக வெளியே தள்ளினால் அது எல்லையைத் தொடும் இடம் 32.5 கிலோ முழு, 25 கிலோ துண்டு. அதாவது முதல் இருவரின் சரிபாதிக் கலவை. எட்டவேண்டிய அளவையும், யாரிடம் போய்க் கற்கவேண்டும் என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது. ஆபீஸ் நடக்கும் கட்டடத்துக்கு ராசியில்லை என்று பூசணிக்காய் உடைப்பவர்கள், அந்த இரு ஆபீஸ்களுக்கும் ஒரு நாள் போய்வருவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மதிப்பெண் ஒப்பீட்டு மதிப்பெண் மட்டுமே; எல்லோரும் மந்தமாக நடத்தினால், மந்தத்தில் சிறந்தவருக்கு 100 கிடைக்கும். சிறு ஆலையைப் பெரிய ஆலையோடு ஒப்பிடும் சிக்கலுக்கு 1984-இல் பேங்கர், சார்ன்ஸ், கூப்பர் ஒரு திருத்தம் தந்தார்கள். துண்டுக்கு முழுப் பருப்பைவிட அதிக எடை போகக் கூடாது என்பது போன்ற வரம்புகளையும் விதிக்கலாம். முந்திரிச் சந்தை தெரிந்தவர்கள் கட்டாயம் விதிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரு மடிக்கணினி போதும். ஆலைவாரியான கணக்குகளைத் திரட்டித் தருவதுதான் செலவு பிடிக்கும் வேலை. ஆராய்ச்சிப் பணம் அதற்குப் போக வேண்டும்.

வாசகியின் இரண்டு ஆபீஸ்களை மட்டும் இந்தக் கணக்கில் இட்டால், ஒன்று முழுப் பருப்பிலும் மற்றொன்று துண்டிலும் முந்துவதால், இரண்டுக்குமே 100 வரும். இடுபொருள், விளைபொருள் வகைகளின் கூட்டுத்தொகையைப்போல் மூன்று மடங்கு நிறுவனங்களாவது வேண்டும் என்பது பழகிய வழக்கம். ஆள், கொட்டை, முழு, துண்டு என நான்கு வகைக்கு, குறைந்தது 12 ஆபீஸ்களின் கணக்கேடுகளை அவர் திரட்ட வேண்டியிருக்கும்.