ஆசியான் வரிச்சலுகை தானாக வந்துவிடாது

சுங்கக் கோப்புகளைப் பார்ப்பது என் தொழில். மலேசியாவில் சிறுதொழில் செய்கிறவர்கள் அடிக்கடி என்னிடம் சொல்வது இது: "தாய்லாந்துக்குத்தானே அனுப்புகிறோம், அதுவும் ஆசியான் நாடுதான், வரி இருக்காது." ஆசியான் என்பது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு; அதற்குள் வரி இல்லாமல் போகலாம். ஆனால் அந்தச் சலுகையை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

2010-இல் நடப்புக்கு வந்த ஆசியான் சரக்கு வாணிப உடன்பாட்டின்படி, உறுப்பு நாடுகளுக்கிடையே பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரி கிடையாது. பொருள் ஆசியானில் உருவானது என்பதற்கு ஃபார்ம் டி போன்ற சான்று வேண்டும். பொதுவாக, பொருளின் மதிப்பில் 40 விழுக்காடாவது ஆசியானுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால், மூலப்பொருள் இருந்த சுங்கத் தலைப்பிலிருந்து (சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் பிரிவு) அது வேறு தலைப்புக்கு மாறியிருக்க வேண்டும். தகுதி பெற்ற இந்தோனேசிய மூலப்பொருளையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். என் பார்வையில் உறுப்பு நாடாக இருப்பதன் உண்மையான பலன் இதுதான். சீனாவிலிருந்து வந்ததைப் பிரித்து இங்கே பொட்டலம் கட்டினால் மட்டும் தகுதி வராது. பலர் இது தெரியாமல் விலை பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் ஆலோசனை கேட்க வருகிறார்கள். அதற்குள் லாபம் வரியில் கரைந்துவிடுகிறது.

சரி, சிக்கல் எங்கே? ஆசியானில் முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்தத் தளர்வு நமக்கும் உதவியிருக்கிறது. உள்நாட்டு கார் தொழிலைக் காக்க, 2003-க்குள் குறைக்க வேண்டிய கார் வரியை 2005 வரை தள்ளிப்போட்டோம். அதே தளர்வு நம்மைச் சுட்டதும் உண்டு. எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய உடன்பாடு 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் தந்தது 2014-இல். அடுத்த ஆண்டே அங்கிருந்து வந்த காட்டுத்தீப் புகை நம் பள்ளிகளை மூட வைத்தது.

வாணிபத் தகராறுகளும் இப்படித்தான். 1995-இல் உலக வாணிப நிறுவனத்துக்குப் போன முதல் வழக்கே மலேசியா மீது சிங்கப்பூர் தொடுத்தது. பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதி பற்றிய வழக்கு அது. சிகரெட் வரிக்காகத் தாய்லாந்து மீது பிலிப்பைன்ஸ் 2008-இல் வழக்குத் தொடுத்ததும் அங்கேதான். அக்கம்பக்கத்து நாடுகளே வெளியே போய் நியாயம் கேட்கும்போது, சிறு ஏற்றுமதியாளர் எங்கே முறையிடுவார்?

இருந்தாலும் ஆசியானில் இருப்பது நமக்கு நல்லது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் வரி போனாலும் உரிமம், லேபிள், தரச்சான்று போன்ற தடைகள் நிற்கின்றன. விலை சொல்லும் முன்பே மூன்றைக் கேட்டு வையுங்கள்: பொருளின் சுங்கக் குறியீடு, மூலப்பொருள் வந்த நாடு, வாங்குபவரின் நாட்டு அனுமதிகள்.