கிருமியே இல்லாத மூட்டில் ஏன் இத்தனை வலி?

நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்குகிறது. போர்வை உரசினாலே உயிர் போகிறது. கவுட் நோயாளிகளுக்கு இந்த இரவு நன்றாகத் தெரியும். அந்த மூட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கிருமி எதுவும் தென்படாது. ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள் மின்னும். அப்படியானால் உடல் எதைக் கண்டு இப்படிக் கொதிக்கிறது?

விடை வெள்ளையணுவுக்குள் இருக்கிறது. 2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ட்சோப்பின் குழு, ஆபத்து வரும்போது மட்டும் ஒன்றுகூடும் ஒரு புரதத் தொகுதியை விவரித்து அதற்கு 'இன்ஃப்ளமசோம்' என்று பெயரிட்டது. இதில் பல வகைகள் உண்டு. அதிகம் ஆராயப்பட்டது என்எல்ஆர்பி3 என்ற புரதத்தை மையமாகக் கொண்ட வகை.

இது செயல்பட இரண்டு அனுமதிகள் வேண்டும். முதல் எச்சரிக்கை வந்ததும் செல், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைச் செயலற்ற வடிவில் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவது அறிகுறி சேதம். வெள்ளையணு விழுங்கிய படிகம் உள்ளே இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்கிறது. செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. என்எல்ஆர்பி3 படிகத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. செல்லுக்குள் நிலை குலைந்ததை உணர்கிறது, அவ்வளவுதான். இதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல பொருள்கள் இந்த ஒரே புரதத்தை எழுப்பிவிடுகின்றன.

அடுத்து நடப்பது எனக்கு இன்றும் வியப்பு. செல் முழுக்கப் பரவிக் கிடந்த ஏஎஸ்சி என்ற புரதம் சில நிமிடங்களில் ஒரே இடத்தில் திரள்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஒரு செல்லுக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில்தான் கேஸ்பேஸ்-1 நொதி விழித்துக்கொள்கிறது. அது இன்டர்லூக்கினை வெட்டிச் செயல்பட வைக்கிறது. கேஸ்டெர்மின்-டி புரதத்தையும் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் செல்சவ்வில் துளையிட, அவற்றின் வழியே இன்டர்லூக்கின் வெளியேறுகிறது. பெரும்பாலும் செல்லும் வெடித்து இறக்கிறது. யூரிக் அமிலப் படிகங்கள் இந்தப் பாதையைத் தூண்டுவதை அதே குழு 2006-இல் காட்டியது.

என்எல்ஆர்பி3 மரபணுவிலேயே பிழை இருந்தால் தூண்டுதல் பெரிதாக எதுவும் தேவைப்படாது. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களிலேயே காய்ச்சலும் தடிப்பும் வந்து வந்து போகும். இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்து அவர்களுக்குப் பெரும் நிவாரணம்.

அப்படியானால் இன்டர்லூக்கின்-1-ஐ எல்லோருக்கும் தடுத்துவிடலாமா? மாரடைப்பு வந்து மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. மீண்டும் மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.